பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

குட்டீஸ்! அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளின் இறுதிச் சுற்று பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நடக்கும். இரண்டு அணிகள் மோதும். முதலில் 4 ஆட்டங்களில் வெல்லும் அணிக்குத்தான் கோப்பை. அதனால் 7 ஆட்டங்கள் வரைகூட நடக்கும்.

ஆடுகளத்தில் ஆட்டம் நடக்கும்போது, வெளியே இன்னோர் ஆட்டம் நடக்கும். அது ரசிகர்களின் வாக்குவாதம்! அது ஃபவுலே இல்லை, நடுவர் தவறாக விசில் ஊதிவிட்டார் என்பார் ஒருவர். பயிற்சியாளர் உயரமான வீரரை உட்கார வைத்ததால்தான் தோற்றோம் என்பார் இன்னொருவர். நேரத்தைக் கடத்தி ஜெயிப்பதெல்லாம் ஒரு ஜெயிப்பா என்று கேட்பார் மூன்றாமவர்.

இந்த வாக்குவாதங்கள் இன்று நேற்றுத் தொடங்கியவை அல்ல. கூடைப்பந்து பிறந்த அதே கூடத்தில், அதே குளிர்காலத்தில் இவையும் கூடவே பிறந்துவிட்டன. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஒரு வாத்தியார். முரட்டு மாணவர்களை அடித்துக்கொள்ளாமல் விளையாட வைப்பது எப்படி என்று யோசித்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். அவர்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித்!

பெற்றோரை இழந்த சிறுவன்

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆல்மான்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று ஜேம்ஸ் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வம்சாவளியினர். ஜேம்ஸுக்கு 9 வயது நெருங்கும்போது, 1870-ல் டைபாய்டு காய்ச்சல் வந்து அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள்.

பாட்டியும் பிறகு தாய்மாமா பீட்டரும் அவரை வளர்த்தார்கள். மாமா கண்டிப்பானவர். பண்ணையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் போகவும் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் கொல்லர் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அதன் பெயர் பாறை மேல் வாத்து. பெரிய பாறை ஒன்றின்மேல் ஒரு சிறிய கல்லை வைப்பார்கள். அந்தச் சிறிய கல்தான் வாத்து. அதை ஒருவன் காவல் காப்பான். மற்றவர்கள் தூரத்தில் நின்று, தங்கள் கல்லை எறிந்து வாத்தைக் கீழே தள்ள வேண்டும். எறிந்த கல்லை ஓடிப்போய் எடுத்துவரும்போது காவல்காரன் தொட்டுவிட்டால் அவுட்!

ஜேம்ஸ் ஒன்றைக் கவனித்தார். வேகமாக நேராக எறிந்தால், குறி தப்பிய கல் வெகுதூரம் போய் விழுகிறது. அதை எடுத்துவருவதற்குள் மாட்டிக்கொள்ள நேரிடுகிறது. மெதுவாக, வில்போல வளைத்து மேலே தூக்கிப் போட்டால் கல் பாறைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அங்கே பலத்தைவிடக் குறிதான் வென்றது. இந்தச் சின்ன விஷயம் பல ஆண்டுகள் கழித்துப் பெரிதாக உதவப்போகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

ஜேம்ஸ் 15 வயதில் படிப்பை விட்டுவிட்டார். காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் அங்கே கழிந்தன. பிறகு, படிக்காமல் போனோமே என்ற எண்ணம் வந்தது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மீண்டும் பள்ளியில் உட்கார்ந்தார். படித்து முடித்து, 1883-ல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கண் வீங்கிய பிரசங்கியார்

மெக்கில்லில் ஜேம்ஸ் விளையாட்டிலும் வெளுத்து வாங்கினார். ரக்பி போன்ற முரட்டுக் கால்பந்து, லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டம் பெற்ற பிறகு, கிறிஸ்தவ மதபோதகர் ஆவதற்கான படிப்பையும் படித்தார்.

விளையாட்டெல்லாம் சாத்தானின் வேலை என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். மதம் படிக்கிற பையன் இப்படி முட்டி மோதி விளையாடுகிறானே என்று நண்பர்களே வருந்தினார்கள். ஒருமுறை ஜேம்ஸ் முதல் நாள் ஆட்டத்தில் அடிபட்டு, கண்கள் கறுத்து வீங்கியபடி தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார்!

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, பக்கத்தில் இருந்த வீரர் கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். உடனே ஜேம்ஸைப் பார்த்து, நீ இருப்பதை மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். இத்தனைக்கும் ஜேம்ஸ் அவரை ஒருமுறைகூடக் கண்டித்ததில்லை. ஜேம்ஸுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மனிதர்களை நல்லவர்களாக்க மேடையில்தான் நின்று பேச வேண்டுமா? விளையாட்டு மைதானத்திலும் அதைச் செய்யலாமே!

1890-ல் அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். விரைவில் அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

14 நாள் கெடு

ஸ்பிரிங்ஃபீல்டில் குளிர்காலம் வந்தால் எங்கும் பனி. வெளியே கால்பந்து ஆட முடியாது. கூடத்துக்குள் கையை நீட்டு, காலை மடக்கு என்று உடற்பயிற்சி மட்டும்தான். அங்கே 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு இருந்தது. சின்னப் பையன்கள் அல்ல, வளர்ந்த இளைஞர்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சி எரிச்சலைத் தந்தது. யார் சொல்லையும் கேட்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள்.

உடற்பயிற்சித் துறையின் தலைவர் லூதர் குலிக், அந்த வகுப்பை ஜேம்ஸ் தலையில் கட்டினார். கூடத்துக்குள் ஆடக்கூடிய ஒரு புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அது சுவாரசியமாக இருக்க வேண்டும், ஆபத்தாக இருக்கக் கூடாது. இதற்கு 14 நாள் கெடு!

ஜேம்ஸ் முதலில் தெரிந்த விளையாட்டுகளையே கூடத்துக்குள் ஆட வைத்தார். கால்பந்தில் ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஆபத்து. லக்ராஸ் மட்டையால் கையிலும் முகத்திலும் அடி. ரக்பியில் ஆளை இழுத்துத் தள்ளினால் கீழே மரத்தரை! எதுவும் சரிப்படவில்லை. நாட்கள் ஓடின.

கெடு முடியப்போகும் நேரத்தில் அவர் ஒவ்வொரு விளையாட்டையும் பிரித்துப் பார்த்து யோசித்தார். ரக்பியில் ஒருவரை ஏன் பிடித்துத் தள்ளுகிறார்கள்? அவர் பந்தோடு ஓடுவதால்தான். பந்தோடு ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டால்? பிடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை!

சரி, கோல் கம்பம்? அது தரையில் இருந்தால் பந்தை ஓங்கி அடிப்பார்கள். அப்போதுதான் சிறுவயதில் ஆடிய பாறை மேல் வாத்து நினைவுக்கு வந்தது. கோலைத் தலைக்கு மேலே, வாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால்? எவ்வளவு பலசாலியும் பந்தை மெதுவாக வளைத்துத்தான் போட்டாக வேண்டும்!

மறுநாள் காலையில் பள்ளியின் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வைக்கும் கூடைகள்தான் இருக்கின்றன என்றார் அவர். அதுவே போதும் என்று வாங்கி, கூடத்தைச் சுற்றியிருந்த மாடியின் விளிம்பில் இரு பக்கமும் ஆணி அடித்து மாட்டினார் ஜேம்ஸ். அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கூடைப்பந்து வளையம் இன்றும் 10 அடி உயரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்!

13 விதிகளும் 2 நடுவர்களும்

பிறகு 13 விதிகளை எழுதினார். அலுவலகச் செயலர் அவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்க, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அந்த 13 விதிகளில் 5 விதிகள் தப்பாட்டத்தையும் நடுவர்களையும் பற்றியவை! தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, காலை வாரக் கூடாது, அடிக்கக் கூடாது. இரண்டாவது முறை தப்பாட்டம் ஆடினால், அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தால் அந்த ஆட்டம் முழுக்கத் தடை. அவருக்குப் பதில் வேறு ஆளும் கிடையாது. ஓர் அணி தொடர்ந்து 3 முறை தப்பாட்டம் ஆடினால் எதிரணிக்கு ஒரு கோல்.

இதையெல்லாம் பார்க்க ஒரு நடுவர் போதாது என்று நினைத்து இருவரை வைத்தார். ஒருவர் வீரர்களைக் கவனிப்பார். இன்னொருவர் பந்தையும் நேரத்தையும் கவனிப்பார்.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் 21. அணிக்கு 9 பேராக 18 மாணவர்களும் களத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஜப்பான் நாட்டு மாணவர் இஷிகாவாவும் ஒருவர். ஆட்டத்தின் ஒரே கோலை வில்லியம் சேஸ் என்பவர் சுமார் 25 அடி தூரத்திலிருந்து போட்டார். இன்று 100 புள்ளிகளைச் சாதாரணமாகத் தாண்டும் கூடைப்பந்தின் முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், உள்ளே விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும்!

விதிகள் இருந்ததால் எல்லாரும் சாதுவாகிவிட்டார்களா? இல்லை. அந்தத் தொடக்க நாட்களைப் பற்றி 1939-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நெய்ஸ்மித் பேசினார். மாணவர்கள் உதைத்துக்கொண்டார்கள், குத்திக்கொண்டார்கள், ஒருவர் மயங்கி விழுந்தார், ஒருவருக்குத் தோள் மூட்டு நழுவியது என்று நினைவுகூர்ந்தார். ஆனாலும் மறுபடி விளையாட வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்களாம். பந்தோடு ஓடக் கூடாது என்ற விதிதான் அடிதடியை அடக்கியது என்றும் சொன்னார்.

மாணவர் ஒருவர், இதற்கு நெய்ஸ்மித் பந்து என்று பெயர் வைக்கலாம் என்றார். அந்தப் பெயர் எந்த ஆட்டத்தையும் கொன்றுவிடும் என்று சிரித்தார் ஜேம்ஸ். அப்படியானால் கூடைப்பந்து என்றே வைப்போம் என்றார் மாணவர். பெயர் நிலைத்துவிட்டது.

கை நீட்டிய ரசிகர்கள்

சில வாரங்களிலேயே ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. 1892 மார்ச் மாதம் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதிய ஆட்டத்தைச் சுமார் 200 பேர் பார்த்தார்கள். 5-1 என்று மாணவர்களே வென்றார்கள். தோற்ற அணியில் ஆடியவர்களில் நெய்ஸ்மித்தும் ஒருவர்!

பக்கத்துப் பள்ளியின் ஆசிரியைகளும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றார் ஜேம்ஸ். அப்போது கூடைப்பந்து ஆடிய பெண்களில் ஒருவரான மாட் ஷெர்மனை அவர் 1894-ல் மணந்துகொண்டார்.

ரசிகர்கள் வந்தால் வம்பும் வந்துவிடுமே! மாடியில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் அணி பந்தைப் போட்டால் கையை நீட்டி உள்ளே தள்ளினார்கள். எதிரணி போட்டால் வெளியே தட்டிவிட்டார்கள்! அவர்களைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் பலகை வைத்தார்கள். பிறகு வீரர்கள் அந்தப் பலகையில் பந்தை மோதவிட்டுக் கூடைக்குள் விழ வைக்கக் கற்றுக்கொண்டார்கள். ரசிகர்களின் குறும்பால் ஓர் உத்தி பிறந்தது!

பந்தோடு ஓடக் கூடாது என்ற விதிக்கும் வீரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பந்தைத் தரையில் தட்டித் தட்டி நகர்ந்தார்கள். இன்று நாம் டிரிபிள் என்று சொல்வது இதைத்தான். நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் இது இல்லை. ஆனால், தன் விதியை ஏமாற்றிவிட்டார்களே என்று அவர் கோபப்படவில்லை. ஆட்டத்தின் அழகான அம்சங்களில் ஒன்று என்று அதைப் பாராட்டினார்.

தோல்வி அதிகம் கண்ட பயிற்சியாளர்

நெய்ஸ்மித் 1895-ல் டென்வர் நகரத்துக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்தார். 1898-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகவும், மாணவர்களின் வழிபாட்டை நடத்துபவராகவும் சேர்ந்தார். அங்கே கூடைப்பந்து அணியையும் தொடங்கினார்.

1907 வரை அவர்தான் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் அவருடைய அணி வென்றவை 55 ஆட்டங்கள், தோற்றவை 60. கான்சாஸ் அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்த நிலை!

காரணம் இருக்கிறது. கோப்பையை அவர் பெரிதாக நினைக்கவில்லை. மாணவர்கள் உடல்நலத்தோடும் நேர்மையோடும் ஆடினால் போதும் என்பது அவர் எண்ணம். பல ஆட்டங்களில் அவரே நடுவராகவும் இருந்தார்.

அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் இதற்கு நேர் எதிர். ஆலனுக்குப் பயிற்சியாளர் வேலை வந்தபோது, கூடைப்பந்தை ஆடத்தான் முடியும், அதற்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்று நெய்ஸ்மித் சொன்னார். ஆலன் ஒப்புக்கொள்ளவில்லை. யார் எங்கே நிற்பது, எப்படித் தடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி கொடுத்தார். கான்சாஸ் அணிக்கு மட்டும் 590 வெற்றிகளைத் தேடித் தந்தார்! 1927-ல் டிரிபிளைக் கட்டுப்படுத்த விதிக்குழு முடிவெடுத்தபோது, பயிற்சியாளர்களைத் திரட்டிப் போராடி அதைத் தடுத்தவரும் ஆலன்தான்.

நெய்ஸ்மித் சொன்னது தவறு என்று மாணவரே நிரூபித்துவிட்டார். ஆனாலும் இருவரின் நட்பு முறியவில்லை. கருத்து வேறு, பகை வேறு அல்லவா?

1930-களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சாஸில் படித்தார். கறுப்பர் என்பதால் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. அப்படி ஓர் அநியாயம் அப்போது நடைமுறையில் இருந்தது. நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, பயிற்சியாளர் ஆக உதவினார். மெக்லெண்டன் பின்னாளில் மின்னல் வேகத் தாக்குதல் ஆட்டத்தை வளர்த்தெடுத்தார். அவர் பயிற்சி கொடுத்த டென்னசி கல்லூரி அணி 1957, 1958, 1959 என்று தொடர்ந்து 3 ஆண்டுகள் தேசியக் கோப்பை ஒன்றை வென்றது!

மழையில் ஓர் இறுதிப்போட்டி

1936-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டி. கூடைப்பந்து முதன்முறையாக அதிகாரப்பூர்வ ஒலிம்பிக் விளையாட்டானது. 74 வயது நெய்ஸ்மித் அதைப் பார்க்க வேண்டாமா? பயணத்துக்கு அவரிடம் பணமில்லை. தன் ஆட்டத்துக்கு அவர் காப்புரிமை எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆலனும் மற்றப் பயிற்சியாளர்களும் முன்னின்று, ஆட்டங்களைப் பார்க்க வந்த ரசிகர்களிடம் சிறு தொகையாக நிதி திரட்டி அவரை அனுப்பிவைத்தார்கள்.

எஸ்டோனியாவும் பிரான்சும் மோதிய முதல் ஆட்டத்தை நெய்ஸ்மித் பந்தை மேலே வீசித் தொடங்கிவைத்தார்.

ஆகஸ்ட் 14 அன்று இறுதிப்போட்டி. ஒரு பக்கம் அவர் பிறந்த கனடா. இன்னொரு பக்கம் அவர் 1925-ல் குடியுரிமை பெற்ற அமெரிக்கா! திறந்தவெளி மண் மைதானத்தில் ஆட்டம். கொட்டியது மழை. தரை சேறாகிவிட்டதால் பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. அன்று டிரிபிள் யாருக்கும் உதவவில்லை. 1891-ல் ஆடியதுபோல, நின்று கையால் வீசித்தான் ஆட வேண்டியிருந்தது. 19-8 என்று அமெரிக்கா வென்றது. வீரர்களுக்குப் பதக்கம் வழங்கியவர் நெய்ஸ்மித்!

அந்த வயதிலும் அவருடைய வாதங்கள் ஓயவில்லை. அதுவரை ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும், நடுவில் பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடங்குவது வழக்கம். 1937-ல் அதை நீக்கினார்கள். நெய்ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஆட்டம் அவர் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. மாற்றத்தால் ஆட்டம் வேகமானது. ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

1939 மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான முதல் என்.சி.ஏ.ஏ. கோப்பையை ஒரிகன் அணி வென்றது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, 78-வது வயதில் நெய்ஸ்மித் காலமானார். என்.பி.ஏ. அமைப்பு 1946-ல்தான் தொடங்கியது. அதன் இறுதிச் சுற்றுகள் எதையும் அவர் பார்க்கவில்லை.

நம் ஊருக்கும் வந்தது

முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக இருந்த டங்கன் பாட்டன், 1894-ல் கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நெய்ஸ்மித் பாடம் நடத்திய அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பிற்காலத்தில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னை நந்தனத்தில் அந்தக் கல்லூரியை நீங்கள் பார்த்திருக்கலாம்.

நெய்ஸ்மித்தின் 13 விதிகள் தட்டச்சு செய்யப்பட்ட அந்த இரண்டு தாள்கள் 2010-ல் ஏலத்துக்கு வந்தன. 43 லட்சம் டாலருக்கு விலைபோயின! இப்போது அவை கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடைசியாக ஒரு வேடிக்கை. நெய்ஸ்மித்துக்கு வயதான காலத்தில், ஒரு கல்லூரிக் கூடத்தில் மாணவர்கள் ஆடத் தயாரானார்கள். நடுவர் இல்லை. அங்கே நின்ற நெய்ஸ்மித்தைக் கேட்கலாமே என்றார் ஒரு பணியாளர். அணித்தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்தக் கிழவர் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்தே இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்! இதை எழுதி வைத்தவர் நெய்ஸ்மித்தேதான்.

குட்டீஸ்! அடுத்த முறை உங்கள் பள்ளி மைதானத்தில் நடுவர் ஃபவுல் கொடுத்தால், நியாயமாகக் கேளுங்கள், வாதாடுங்கள். ஆனால் கையை ஓங்காதீர்கள். கையை ஓங்காமல் ஜெயிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கத்தான் ஒரு வாத்தியார் இரண்டு பழக்கூடைகளை ஆணி அடித்து மாட்டினார்!